ஐஸ் ரூமில் இரண்டாவது மைக்

காய்கறி மொத்த வியாபார மார்க்கெட்டில் குளிர்பதன மெக்கானிக்காக இருந்தவனுக்குக் கட்டை என்று பெயர் வந்ததற்கு அவன் உயரம் ஒரு காரணம். அவன் வாசித்த பேஸ் கிட்டார் இன்னொன்று. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றால் கருவி முக்கால், ஆள் கால். குரலும் கட்டைக்குரல்தான். அந்தக் குரலை நாலு பேர் நின்று கேட்க வேண்டும் என்பதற்காகவே அவன் ஒரு இசைக்குழுவை ஆரம்பித்தான். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "சும்மாதான், சாயங்காலம் பொழுது போகணும்ல" என்பான்.

அவன் பட்டறைக்கு அடுத்த கடையில் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவன் இருந்தான். அவன் பெயரே ஸ்பீக்கர் என்று ஆகிவிட்டது. பழுது பார்த்த ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அவன் ஒரே கேசட்டைப் போட்டுத்தான் சோதிப்பான். அத்தனையும் அடிச்சத்தம் தூக்கலான வெளிநாட்டுப் பாட்டுகள். ஸ்பீக்கர் காகிதத்தில் மயிரிழைக் கிழிசல் இருந்தாலும் அந்தப் பாட்டு கரகரவென்று காட்டிக்கொடுத்துவிடும். லேபிள் எப்போதோ உரிந்துபோன கேசட். யார் பாடியது, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. டிரம்ஸும் பேஸும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டே போகும். நடுவில் ட்ரம்பெட்டுகள் பாய்ந்து ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒருவன் தொண்டை கிழியக் கெஞ்சுவான். கட்டை கம்ப்ரசரைக் கழற்றியபடியே வருஷக்கணக்கில் இதைக் கேட்டான். கெஞ்சுகிறவன் தானாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்தே பல கம்ப்ரசர்களில் போல்ட்டை மாற்றி மாட்டினான்.

ஒரு நாள் இரண்டு கடைக்கும் நடுவிலிருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"டேய் ஸ்பீக்கர், இந்த மாதிரி நாமளே வாசிச்சா என்னடா?"

"நாமன்னா?"

"நீ டிரம்ஸ் தட்டுவேல்ல. நான் பேஸ் கத்துக்கிறேன்."

"யாரு பாடுறது?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் கட்டை, யாரோ ஒருவர் வருவார் என்பது போல.

இடம் கட்டையின் கையிலேயே இருந்தது. மார்க்கெட்டின் பின்பக்கம் மூன்றாம் நம்பர் ஐஸ் ரூம் கம்ப்ரசர் செத்துப்போய் சும்மா கிடந்தது. சுவர் முழுக்க ஒரு முழ கனத்துக்கு நுரைப்பலகை, ஜன்னல் கிடையாது, கதவைச் சாத்தினால் உள்ளே யானை பிளிறினாலும் வெளியே கேட்காது. முதலாளியிடம் பழைய சாமான் போட்டுவைக்க என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டான். டிரம்ஸும் ஒருவகையில் பழைய சாமான்தானே.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் டீச்சர் ஒருவர், கெட்டுப்போன கீபோர்டை ஸ்பீக்கரிடம் சரிபார்க்க வந்தவர், கேசட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகவில்லை. இந்த இசைக்கு ஃபங்க் என்றும் சோல் என்றும் பெயர் உண்டு என்பதே அவர் சொல்லித்தான் இவர்களுக்குத் தெரிந்தது. கட்டடத்துக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடிக்கிற அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். பெரியவனுக்கு ட்ரம்பெட், சின்னவனுக்கு ட்ராம்போன். சாரத்தில் ஏறி நின்று சண்டை போடுவார்கள், இறங்கியதும் சண்டை போடுவார்கள், ஊதும்போது மட்டும் ஒரே மூச்சாக ஊதுவார்கள். கிட்டாருக்கு ஆள் வருவதும் போவதுமாக இருந்தது.

அந்த இசையில் ஒரே ஒரு சட்டம். நாலு தட்டில் முதல் தட்டில் எல்லாரும் ஒன்றாக வந்து இறங்க வேண்டும். மற்ற மூன்றில் யார் எங்கே வேண்டுமானாலும் மேயலாம். ஸ்பீக்கர் இதைத் தன் பாணியில் சொல்லிக்கொடுத்தான். "எங்க வேணா சுத்துங்கடா. கரெக்டா ஒண்ணுக்கு வந்துடணும்."

அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "ஒண்ணுக்கு வா! ஒண்ணுக்கு வா!" என்று கத்தியதைக் கேட்ட மார்க்கெட் வாட்ச்மேன் ஓடி வந்து, "யோவ், அதுக்கெல்லாம் அந்தக் கோடியில இடம் இருக்குய்யா, ரூமுக்குள்ள போகாதீங்கய்யா" என்று கும்பிட்டார். பெரியவன் சிரித்து ட்ரம்பெட்டுக்குள் எச்சிலைத் துப்பிவிட்டான். அன்றிலிருந்து டீச்சர் தடை போட்டார். இனிமேல் 'ஒண்ணுல' என்றுதான் சொல்ல வேண்டும், 'ஒண்ணுக்கு' கூடாது. யாரும் கேட்கவில்லை.

பாட ஆள் தேடுவதாகப் பேர். ஆனால் கட்டை தேடவே இல்லை. "ஆள் வர்ற வரைக்கும் நான் சும்மா பாடிக்கிட்டிருக்கேன்" என்று மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டான். ஒரு பாட்டும் கட்டினான். ஐஸ் ரூமுக்குள் ஒருமுறை கதவு இறுகி மாட்டிக்கொண்டவன் அவன். அந்த அனுபவத்தைக் காதலாக மாற்றி, 'கதவத் தொறடி, கை வெறச்சுப் போச்சு' என்று ஆரம்பித்தான். பாட்டு நன்றாகவே இருந்தது. டீச்சரே இரண்டு முறை தலையாட்டினார். கட்டையின் வாழ்க்கையில் அவன் தானாகச் செய்த ஒரே பொருள் அது. மற்றதெல்லாம் யாரோ செய்து யாரோ கெடுத்ததைச் சரிசெய்த கதைதான்.

முதல் நிகழ்ச்சி ஒரு டயர் கடையின் திறப்புவிழா. ஐஸ் ரூம் கோஷ்டி என்று பேனர் கட்டினார்கள். கூட்டம் நின்றது, கேட்டது, டயர் விலை விசாரித்தது, போனது. கைதட்டல் மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுவது போல அங்கங்கே விழுந்தது.

வீட்டில் அவன் மனைவி ஒரு யோசனை சொன்னாள். அவள் மனதில் ஒரு கெடுதலும் கிடையாது.

"என்னங்க, பின்னாடி நின்னு கூடப் பாட ஒரு பொண்ணு இருந்தா நல்லா இருக்கும்ல? என் தங்கச்சிய கூட்டிட்டுப் போங்களேன்."

"உன் தங்கச்சி பாடுவாளா?"

"பஸ் ஸ்டாண்டுல நாள் பூரா கத்துறா. பாட மாட்டாளா?"

கொழுந்தியாள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொல்லுகிறவள். வீட்டில் அவளுக்கு அறிவிப்பு என்றே பெயர். யார் வந்தாலும், யார் போனாலும், பால் பொங்கினாலும், முதலில் சொல்லுகிறவள் அவள்தான். ஸ்பீக்கர் அவளுக்காக எங்கிருந்தோ இரண்டாவது மைக் ஒன்றைத் தேற்றிக் கொண்டுவந்தான். அதைக் கட்டைதான் தன் கையால் பின்பக்கம், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நட்டான்.

முதல் நாள் அவள் வெறும் 'ஓ' மட்டும்தான் பாடினாள். 'கதவத் தொறடி' என்று கட்டை முடிக்கிற இடத்தில் ஒரு நீளமான 'ஓ'. அந்த 'ஓ'வுக்கு டீச்சரின் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. பெரியவன் சின்னவனைப் பார்த்தான், சின்னவன் பெரியவனைப் பார்த்தான், சண்டையே வரவில்லை.

"எப்படி மாமா, ஓகேவா?" என்றாள்.

"ம். கொஞ்சம் சத்தம் அதிகம்" என்றான் கட்டை.

ஒரு கல்லூரி மைதானத்தில் மத்தியான நிகழ்ச்சி. இரண்டாவது பாட்டின் நடுவில் கட்டையின் கிட்டாரில் தந்தி அறுந்தது. பேஸ் தந்தி அறுவது அபூர்வம், ஆனால் அவன் வேகத்தைக் காட்டப் போய் அறுத்துவிட்டான். குனிந்து மாற்றுத் தந்தியைத் தேடிக்கொண்டே பின்னால் பார்த்து, "ரெண்டு நிமிஷம் ஏதாவது பேசிச் சமாளிம்மா" என்றான்.

அறிவிப்பு மைக்கின் முன்னால் வந்து நின்றாள். அவ்வளவு பெரிய கூட்டத்தைக் கண்ணால் பார்த்து அவள் பேசியதே இல்லை. கூண்டுக்குள் இருந்தால் கூட்டம் வெறும் சத்தம்தான். வாய் உலர்ந்தது. வாய் உலர்ந்தால் அந்த வாய்க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

மைதானமே கொல்லென்று சிரித்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் ஸ்பீக்கருக்கு அந்த வாக்கியம் சரியாக நாலு தட்டில் உட்காருவது காதில் பட்டுவிட்டது. அவன் ஒரு தட்டு போட்டான். கூட்டம் அமைதியானது. அவள் அதையே இன்னொரு முறை சொன்னாள், இந்தத் தடவை இழுத்து. டீச்சர் இரண்டு சுரம் வைத்தார். அண்ணனும் தம்பியும் பாய்ந்தார்கள்.

"நாலாம் மேடையில நிக்கிற வண்டி... யாருக்காக நிக்குது?" என்று அவள் கேட்டாள். கேட்ட மாதிரியும் இருந்தது, கெஞ்சிய மாதிரியும் இருந்தது. அந்தக் கேசட் ஆள் கெஞ்சுவானே, அதே கெஞ்சல்.

கட்டை தந்தியை மாட்டி நிமிர்ந்தபோது பாட்டு அவன் இல்லாமலே பாதி தூரம் போயிருந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது போல ஓடி ஏறினான். ஏறியவன் சும்மா ஏறவில்லை, ஒரு வரி வாசித்தான், பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுகிற ஒரு வரி. அதற்குப் பிறகுதான் மைதானம் ஆட ஆரம்பித்தது. ஆனால் ஆடுகிறவர்கள் எதற்கு ஆடுகிறோம் என்று பார்ப்பதில்லையே. அவர்கள் பார்த்தது அவளைத்தான்.

அன்று இறங்கி வரும்போது ஒரு கும்பல் சுற்றிக்கொண்டது. "அக்கா, செம அக்கா!" கட்டை கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டே அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றான். ஒருவன் அவனிடமும் வந்தான். கட்டையின் முகம் மலர்ந்தது.

"அண்ணே, அக்காவோட நம்பர் கிடைக்குமா?"

அதிலிருந்து வயிற்றில் ஒன்று பற்றிக்கொண்டது. எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் 'பஸ் பாட்டு, பஸ் பாட்டு' என்று கத்தினார்கள். 'கதவத் தொறடி'க்கு ஆட்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். பேருந்து நிலையத்தில் அவள் குரல் வரும்போது நடத்துநர்கள் தாளம் தட்டினார்கள். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நட்ட மைக் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் அடி முன்னால் நகர்ந்து வந்தது. யாரும் நகர்த்தியதாகத் தெரியவில்லை. புதிதாக அடித்த போஸ்டரில் நடுவில் அவள், இரண்டு பக்கமும் அண்ணன் தம்பி, பின்னால் ஸ்பீக்கர், ஓரத்தில் டீச்சர். இடது விளிம்பில் ஒரு பேஸ் கிட்டாரின் கழுத்தும் நாலு விரலும் தெரிந்தன. கட்டை அந்தப் போஸ்டரைச் சுவரில் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் நின்றான். பக்கத்தில் நின்ற தெரியாத ஒருவரிடம், "இந்த விரல் நான்தாங்க" என்றான். அவர் விரலையும் அவனையும் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

வீட்டில் மனைவி நேராகவே கேட்டாள்.

"என்ன, என் தங்கச்சி மேல வயித்தெரிச்சலா?"

"எனக்கா? நான் ஐஸ் மெஷின் பாக்குறவன். எனக்கு எங்கடி வயிறு எரியும்?"

"அப்ப ஒரு நாளாவது நல்லா பாடினேன்னு அவகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"எனக்கு யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாது."

"ஊருக்கெல்லாம் ஐஸ் வைக்கிறதுதானே உங்க பொழப்பே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். கட்டைக்குப் பதில் மறுநாள் மத்தியானம் பட்டறையில்தான் வந்தது, ஆனால் அங்கே கேட்க ஆள் இல்லை.

கேசட் கம்பெனிக்காரர் ஒருவர் ஐஸ் ரூமுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். இரண்டு பாட்டு பதிவு செய்யலாம் என்றார். "ஒண்ணு பஸ் பாட்டு. இன்னொண்ணு உங்க இஷ்டம்."

"கதவத் தொறடி" என்றான் கட்டை, அவர் மூச்சு விடுவதற்குள்.

"நல்ல பாட்டு சார். அதையும் மேடமே பாடிட்டா ஒரே குரலா இருக்கும். யோசிங்க."

கட்டை யோசித்தான். வேறு எதையுமே யோசிக்கவில்லை. குழு அவன் ஆரம்பித்தது. அறை அவன் வாங்கியது. பாட்டு அவன் கட்டியது. தன் குரல் ஒரு கேசட்டில் ஏறி, எங்கோ ஒரு கடையில் யாரோ ஸ்பீக்கர் சோதிக்கும்போது ஒலிக்க வேண்டும். அது ஒன்றுதான் அவன் கேட்டது. அதையும் அவள் கொண்டுபோகப் போகிறாள். அவளுக்கு ஒரு வாரம் தொண்டை கட்டினால் போதும். பஸ் பாட்டை அவள் எப்படியோ கரகரத்துப் பாடிவிடுவாள், அதற்கு அது கெடுதலும் இல்லை. இரண்டாவதுக்கு வேறு வழியில்லாமல் இவனிடம்தான் வர வேண்டும்.

தொண்டை கட்ட வைப்பது எப்படி என்று அவன் மற்றவர்களைப் போல மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது அவன் தொழில்.

செத்துக்கிடந்த மூன்றாம் நம்பர் கம்ப்ரசரை அவன் பிரித்தான். வால்வை மாற்றினான், கசிவை அடைத்தான், காஸ் ஏற்றினான். முதலாளி கேட்டபோதெல்லாம் உயிர் பெறாத மெஷின் இப்போது பூனைக்குட்டி போல உறுமியது. "முதலாளி மறுபடி ஓட்டிப் பாக்கச் சொல்றாரு, ரெக்கார்டிங் முடியற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று எல்லாரிடமும் சொன்னான். அறை முட்டைக்கோஸ் வைக்கிற குளிருக்கு இறங்கியது.

அறிவிப்பு கழுத்தில் துண்டு, கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு வந்து எப்போதும் போலப் பாடினாள். அவள் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேறொன்று ஆனது.

பெரியவன் ஊதினால் சுருதி கீழே இறங்கியது. கட்டை மீட்டினால் மேலே ஏறியது. நடுவில் டீச்சரின் கீபோர்டு மட்டும் பிள்ளையைத் தொலைத்த தாய் போல அங்கேயே நின்றது. எல்லாரும் சுருதி சேர்த்துக்கொண்டு ஆரம்பிப்பார்கள். ஊதாமல் ஓய்ந்திருக்கும் நேரத்தில் பித்தளை மறுபடி குளிர்ந்துவிடும். அடுத்து ஊதும்போது மாவு அரைக்கிற மெஷினில் கல் விழுந்த சத்தம் வரும்.

"டேய், நீ சுதி விடுற" என்றான் பெரியவன்.

"நானா? உன் வாயில வெத்தலையா இருக்கு? நீதான் இறங்குற."

"பேஸைக் கேளுடா, பேஸ் எங்க இருக்கு, நீ எங்க இருக்க!"

"ரெண்டு பேரும் கீழ இருக்கீங்க" என்றார் டீச்சர். "கட்டை சார் மேல இருக்காரு. நான் மட்டும் இருக்க வேண்டிய இடத்துல இருக்கேன்."

"ஆமா, நீங்க மட்டும் எப்பவுமே கரெக்டு!" என்று சீறினான் சின்னவன்.

டீச்சரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் கீபோர்டின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். நாலு நாள் இதே கதைதான். ஐந்தாம் நாள் சின்னவன் ட்ராம்போனைப் பெட்டியில் போட்டு, "இனிமே இவன்கூட சாரத்துல கூட ஏற மாட்டேன்" என்று கதவைத் தள்ளிக்கொண்டு போனான். பெரியவன், "போடா, போ" என்று சொல்லிவிட்டு டிரம்ஸுக்குப் பின்னால் போய் அழுதான்.

கட்டைக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குளிரில் குழாய் என்ன ஆகும், கம்பி என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவன். ட்ரம்பெட்டும் குழாய்தான், தந்தியும் கம்பிதான் என்று அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவன் கண்ணுக்கு அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு தொண்டைதான்.

வெளியே கம்ப்ரசர் பக்கம் வந்தான். அறிவிப்பு அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

"மாமா, இத நிறுத்துங்க."

"முதலாளி சொல்லி..."

"முதலாளி எங்க அக்காகிட்ட கேட்டாரு. மூணாம் நம்பர் ஓடுதாமே, எனக்கே தெரியாதேன்னு." அவள் குரலில் கோபம் இல்லை. ஐந்து நிமிஷம் தாமதம் என்று சொல்லுகிற குரல்தான். "நான் பஸ் புகையில எட்டு மணி நேரம் பேசுறவ. இந்தக் குளிருக்கெல்லாம் என் தொண்டை கட்டாது. ட்ரம்பெட்டுக்குத்தான் குளிருது. பாவம், அதுங்களுக்காக நிறுத்துங்க."

கட்டை ஸ்விட்சை அணைத்தான். கம்ப்ரசர் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. வெந்நீரைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே ஊற்றவும் முடியவில்லை.

"ஸ்பீக்கர்கிட்ட சொல்லிட்டியா?"

"நான் சொல்லல. நீங்க போய்ச் சின்னவனக் கூட்டிட்டு வாங்க. குளிர்ல சுதி இறங்கும்னு மட்டும் சொல்லுங்க. அது உண்மைதானே."

அவன் போய்ச் சொன்னான். சின்னவன் வந்தான். அண்ணனும் தம்பியும் குளிரைத் திட்டிக்கொண்டு ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். இனி கையை எடுக்கும்வரை சமாதானம்.

பதிவு செய்யும் இடம் ஒரு மாடி அறை. சுவரெல்லாம் கித்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தில் ஒரு ஆள். பஸ் பாட்டு இரண்டாவது முறையிலேயே முடிந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து நின்று கைதட்டினார். கட்டை தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த பாட்டு யாரு?" என்று கேட்டார்.

அறிவிப்பு மைக்கை விட்டு விலகினாள். "அது மாமா பாட்டு. மாமாதான் பாடணும்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அவள் இரக்கப்பட்டுச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று கட்டை அவள் முகத்தைத் தேடினான். கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படிச் சொன்னால் என்ன, மைக் அவனுடையது. கீழே இறக்கினான். பாடினான். உயிரைக் கொடுத்துப் பாடினான். இரண்டு முறை, மூன்று முறை, நாலாவது முறை. ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு, "இன்னொரு வாட்டி போலாம் சார்" என்றார்.

"போட்டுக் காட்டுங்க" என்றான் கட்டை.

போட்டுக் காட்டினார். தன் குரலைத் தானே வெளியிலிருந்து அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. குரல் மோசமில்லை. அவன் பயந்த அளவுக்கு மோசமே இல்லை. ஆனால் பாட்டு தரையில் நிற்கவில்லை. எங்கோ ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடியது.

"டேய்" என்றான் ஸ்பீக்கர், குச்சிகளைக் கீழே வைத்து. "ஒண்ணு எங்கடா?"

"என்ன?"

"நீ பாடுறப்ப ஒண்ணுல வர மாட்டேங்குற. வாய் முதல்ல போகுது, விரல் பின்னாடி வருது."

"இன்னைக்கா?"

ஸ்பீக்கர் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் கீபோர்டைப் பார்த்தார். பெரியவன் ட்ரம்பெட்டின் வாயைத் துடைக்க ஆரம்பித்தான்.

"எப்பவும் அப்படித்தான்" என்றான் ஸ்பீக்கர் கடைசியில்.

"அத ஏண்டா இவ்வளவு நாளாச் சொல்லல?"

"நீ ஆரம்பிச்ச கோஷ்டி. உன் ரூம், உன் சாவி. யாரு சொல்றது?"

கட்டை மறுபடி போடச் சொன்னான். இந்த முறை குரலைக் கேட்காமல் விரலை மட்டும் கேட்டான். ஸ்பீக்கர் சொன்னது சரி. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் வீட்டுக்கு வந்து சேர்ந்து, கதவருகே இவனுக்காகக் காத்து நின்றார்கள். இவன் பாடிக்கொண்டே தெருமுனையில் வந்துகொண்டிருந்தான். அடுத்ததாகப் பஸ் பாட்டைப் போடச் சொன்னான். அதில் அதே விரல் ஒரு தடவைகூடப் பிந்தவில்லை. அவள் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனாலும் இந்த விரல் முதல் தட்டில் அவளுக்கு முன்னால் போய் நின்றது.

அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று அவனுக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. எழுந்து மைக்கை அவள் உயரத்துக்கு ஏற்றினான்.

"வாம்மா. நீயே பாடு."

"மாமா..."

"மனசு மாறுறதுக்குள்ள வா."

அவள் வந்தாள். பாட்டு அவளுக்கு மனப்பாடம், பின்னால் நின்றே கற்றவள். ஒரே ஒரு எழுத்தைத்தான் மாற்றினாள். 'கதவத் தொறடா' என்று ஆரம்பித்தாள். அந்த ஒரு எழுத்தில் பாட்டு கையை விட்டுப் போய்விட்டது. குளிரில் மாட்டிக்கொண்ட மெக்கானிக் எங்கேயோ மறைந்து, வாசலில் வெகுநேரம் நின்ற ஒரு பெண் வந்துவிட்டாள். கை விறைத்தது அவளுக்குத்தான் என்று கேட்கிற எவனும் சத்தியம் செய்வான். கட்டை தன் பாட்டைத் தன் கண்ணெதிரே, தன் விரலாலேயே தாளம் போட்டுப் பறிகொடுத்தான். முதல் முறையிலேயே முடிந்தது. பெரியவன் கண்ணைத் துடைத்தான். கண்ணாடிக்காரர் மறுபடி எழுந்து நின்றார். கட்டைக்கு அவரைக் கழுத்தைப் பிடித்து உட்கார வைக்கலாம் போலிருந்தது.

கேசட் வந்தது. பஸ்களில் ஓடியது, முடிவெட்டும் கடைகளில் ஓடியது, ஸ்பீக்கரின் கடையில் சோதனைக்கே அதுதான் ஓடியது. ஊர் ஊராக அழைத்தார்கள். டீச்சர் பள்ளியில் லீவு போட்டு லீவு போட்டு, கடைசியில் தலைமை ஆசிரியரே நிகழ்ச்சிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கட்டை ஒருநாளும் தவறவில்லை, முதல் தட்டையும் தவறவிடவில்லை. ஆனால் பற்றிக்கொண்டது அணையவும் இல்லை. அவளுக்கு விழுகிற கைதட்டல் எந்த வரியில் கூடுகிறது, எந்த வரியில் குறைகிறது என்று அவனுக்கு அத்துப்படி. அவள் மூச்சு எந்த இடத்தில் தீர்கிறது, எந்தச் சுரத்தை எட்டாமல் தாஜா செய்து தாண்டுகிறாள், எல்லாம் தெரியும். வேறு யாரும் அவளை அப்படிக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, அவர்களுக்குப் பிடித்திருந்தது.

ஒரு சாயங்காலம், தொழிற்சாலை ஒன்றில் நிகழ்ச்சி முடிந்து வேனில் திரும்பும்போது, முன் சீட்டில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மாமா, இன்னைக்கு ஒண்ணுமே சொல்லல?"

"என்ன சொல்லணும்?"

"எப்பவும் ஏதாவது நொட்டை சொல்லுவீங்களே. இன்னைக்கு எல்லாரும் சூப்பர் சூப்பர்னு ஐஸ் வச்சுட்டாங்க. எனக்கு என்னவோ மூணாவது பாட்டுல எங்கயோ இடிச்ச மாதிரியே இருக்கு. யாருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியும்."

ஸ்பீக்கர் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டான். கட்டை ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"நான் உன்னைக் கேக்குறது நல்ல எண்ணத்துல இல்லம்மா. உன்மேல இருக்குற பொறாமைலதான் கேக்குறேன்."

"அது தெரியும்" என்றாள் அவள். "அக்காவுக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். எங்க இடிச்சதுன்னு சொல்லுங்க."

மூன்றாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில் அவள் மூச்சை எங்கே விட்டிருக்க வேண்டும் என்று சொன்னான். அவள் மெல்லப் பாடிப் பார்த்தாள். "இல்ல, அதுக்கும் முன்னாடி" என்றான். அவள் முன்னாடி விட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. அவனுக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் சரியாக வந்தது.

"அப்புறம் நாலாவது பாட்டு" என்று அவன் ஆரம்பித்தான். சொல்ல நிறைய இருந்தது. இறங்க வேண்டிய மார்க்கெட் வாசலை வேன் தாண்டிப் போய்விட்டது, ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.